எல்லை தாண்டி வந்த மருந்துச் சீட்டு

மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரின் எல்லையைக் கடந்த சுந்தரமூர்த்தி நாயனார், இரு கண்களையும் இழந்து, காஞ்சியில் இடக்கண் மட்டும் பெற்று, மேனியில் பிணி பற்றிய நிலையில் சோழநாட்டுக்குள் வந்து திருத்துருத்தி இறைவனிடம் முறையிட்டபோது, கோயிலின் வடகுளத்தில் முழுகும்படி அருள் பிறந்தது என்றும், முழுகி எழுந்தவரின் உடம்பு நோய் நீங்கி ஒளி பெற்றது என்றும் பெரிய புராணம் கூறுகிறது. தேவாரத்தில் திருத்துருத்தி என்று வழங்கும் அந்த ஸ்தலம், மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே காவிரியின் தென்கரையில் அமைந்த இன்றைய குத்தாலம். நாயனாரோ நடுநாட்டுத் திருநாவலூர்க்காரர். இந்த மண்ணுக்கு அயலார். அயலூரிலிருந்து வந்த ரோகி உள்ளூர்க் குளத்தில் முழுகிச் சுகம் பெறுவதற்கு அந்தக் காலத்தில் எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அதே ஊரைச் சேர்ந்த ஒருவர், அடுத்த ஆட்சிப் பகுதியில் உள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தமது சொந்த ஊர்க் கடைத்தெருவில் அந்த மருந்தைப் பெற முடியாமல் நிற்கிறார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

காவிரிப் படுகையின் கீழைப் பகுதியில் வாழும் ஜனங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் மனத்தில் தோன்றுகிற பெயர்களில் ஒன்று சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய புற்றுநோய் நிலையம். மற்றொன்று புதுச்சேரி ஜிப்மர். பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்ததும், 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரோடு விளங்குவதுமான அந்த மத்திய சர்க்கார் நிறுவனத்துக்கு, விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களின் ஏழை எளியவர்கள் தினந்தோறும் விடியற்காலைப் பஸ்களில் சென்றுகொண்டே இருக்கிறார்கள். குத்தாலத்திலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் போகும் பாதை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளுவது. கூட்டத்தில் நிற்க முடியாத உடம்புக்கு அது சிறிய தூரமன்று. மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக்கி 2020 டிசம்பரில் தொடங்கி வைத்தார்கள். ஆனால் வியாதி முற்றியவர்கள் நாடுகிற பெரிய வைத்தியம் இன்னமும் மாவட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது, பலருக்கு மாநிலத்துக்கே வெளியே இருக்கிறது.

வெற்றிலையும் புகையிலையும் ஓயாமல் குதப்பி வாய்க்குள் புற்று வந்த ஒரு விவசாயியை எங்கள் பக்கத்தில் நான் அறிவேன். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, இனி நோயை மாற்ற இயலாது, வலியைத்தான் மாற்ற இயலும் என்ற கட்டத்துக்கு அவர் வந்துவிட்டார். புதுச்சேரியில் வைத்தியர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தது மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டிய மருந்து அது; ஆகவே அவருடைய மகள், 6, 10, 2, 6, 10 என்று அடுப்பங்கரை நிலைப்படியில் சுண்ணாம்பால் எழுதி, கொடுத்த வேளைக்கெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தாள். இரவு பத்து மணிக்கு மட்டும் இரட்டை அளவு கொடுத்துவிட்டால் நடுநிசியில் எழுப்ப வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மலச்சிக்கல் வரும் என்பதற்காகக் கூடவே ஒரு மலமிளக்கியும் தந்திருந்தார்கள். அந்த வீட்டில் ரோகி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்ததையும், களத்து நெல்லைப் பற்றி விசாரித்ததையும் நான் நேரில் கண்டேன். மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் அதே மனிதர் சுவரில் தலையை மோதிக்கொள்ளப் போனதையும், மகள் அவரை இறுகப் பிடித்துக்கொண்டு அழுததையும் கண்டேன்.

மாத்திரை தீர்ந்தது எப்படி என்றால், சில வாரங்களுக்கு உரியதைத்தான் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்குக் கொடுப்பார்கள். அடுத்த தடவைக்குப் போக வேண்டிய தினத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது, துணைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் கண்டது. சீட்டு கையில் இருந்தது. பணமும் இருந்தது, ஏனெனில் மார்ஃபின் விலையுயர்ந்த மருந்தன்று, சில ரூபாய்க்கு ஒரு மாத்திரை கிடைத்துவிடும். ஆயினும் அந்த மகள் ஏறி இறங்கிய ஒவ்வொரு மருந்துக் கடையிலும் "இதெல்லாம் நாங்க வைக்கிறதில்லைம்மா, பாண்டிச்சேரிச் சீட்டு வேற" என்ற பதிலே கிடைத்தது. ஒரு கடைக்காரர் சீட்டைக் கையால் தொடவும் கூசினார். கடைசியில் அவள் வாங்கி வந்தது சாதாரணக் காய்ச்சலுக்கும் கைகால் வலிக்கும் கொடுக்கிற பாரசிட்டமால்.

கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரனைப் பிடிப்பதற்காக விரித்த வலையில் வைத்தியனையும் மருந்தாளனையும் சேர்த்தே வளைத்துவிட்டது. பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல், ஜாமீன் கிடைப்பதில் பெருங்கஷ்டம், குற்ற நோக்கம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் என்றெல்லாம் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை இயற்றிக்கொண்டது. மார்ஃபின் வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், அனுப்ப வேறோர் உரிமம் என்று பல இலாகாக்களின் முத்திரைகள் ஏககாலத்தில் செல்லுபடியாக இருந்தாக வேண்டும். ஒன்று காலாவதியானாலும் மற்றவை வீண். விளைவு, 1985-இல் ஐந்நூறு கிலோவுக்கு மேல் வைத்தியத்தில் செலவான மார்ஃபின், 1997-இல் பதினெட்டே கிலோவாகக் குறைந்தது. தொண்ணூற்றேழு சதவீத வீழ்ச்சி. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த தேசத்தில் வலியோடு இறந்தவர்கள் எத்தனை லட்சம் பேர் என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

இவ்வளவுக்கும், மார்ஃபினுக்கு மூலமான அபினிப் பாலைச் சட்டபூர்வமாக எடுத்து அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிற தேசம் நம்முடையது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் சர்க்கார் உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது; காஜீப்பூரிலும் நீமுச்சிலும் மத்திய சர்க்காரின் தொழிற்சாலைகள் அந்தப் பாலைப் பதப்படுத்துகின்றன; காஜீப்பூர்த் தொழிற்சாலை கம்பெனி ஆட்சியில் 1820-இல் தோன்றியது. உலகின் வைத்தியசாலைகளுக்கு மூலப்பொருள் அனுப்புகிற அந்த தேசத்தில், வலிநிவாரண மருந்தின் தேவையில் நான்கு சதவீதமே நிறைவேறுகிறது என்று 2017-இல் லான்செட் பத்திரிகையின் ஆணைக்குழு கணக்கிட்டுச் சொன்னது. நெல் விளைகிற ஊரில் பட்டினி கிடப்பதைப் பார்த்துப் பதறிய தலைமுறையில் வந்த எனக்கு, அந்த எண்ணைப் படித்தபோது உண்டான வேதனையை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

நிலைமையை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் ஆரம்பித்த வலி நிவாரணச் சங்கம், ரோகியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி வைக்காமல் வீட்டுக்கே மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்தனுப்பியது. அப்படிப் பெற்ற 1,723 பேரை இரண்டாண்டுக் காலம் கவனித்ததில், மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ, திருட்டுச் சந்தைக்குப் போனதாகவோ ஒரு சம்பவமும் தென்படவில்லை என்ற ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. இதே ராஜகோபால் முதலானோர் பல்லாண்டு வாதாடியதன் பயனாக, 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற ஒரு புதிய வகுப்பை அது உண்டாக்கிற்று. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மார்ஃபின், ஃபெண்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அந்த வகுப்பில் சேர்ந்தன. அவற்றுக்கு இனி மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி இல்லை, பாரதம் முழுதும் ஒரே விதி என்றும், பல இலாகாக்களின் இடத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே ஆஸ்பத்திரியை அங்கீகரிக்கலாம் என்றும் ஏற்பாடாயிற்று.

ஆக, சட்டத்தின் ஏட்டிலே புதுச்சேரிக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருந்த சுவர் 2015-லேயே இடிந்துவிட்டது. நடைமுறையில் அது நின்றுகொண்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி தன் பதிவேட்டில் உள்ள ரோகிக்குத்தான் மருந்து கொடுக்கும். வேறோர் ஆஸ்பத்திரியின் சீட்டோடு வருகிறவரைப் புதிதாகச் சேர்த்து, புதிதாகப் பரிசோதித்து, பழைய ஏடுகளைக் கேட்டு வாங்கி, அதன்பிறகே யோசிக்கும். வெளியிலுள்ள மருந்துக் கடை உரிமம் பெற்று விற்பதற்குச் சட்டத்தில் வழி இருந்தும் கடைக்காரர்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை, மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கேட்கிற, லாபம் அற்ற ஒரு மருந்துக்காகப் பூட்டிய அலமாரியும் தனிப் பதிவேடும் அதிகாரிகளின் வருகையும் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற வலி மாத்திரையும் போதைப்பொருள் சட்டத்தின் பிடிக்குள் வந்தபிறகு சிற்றூர் மருந்துக் கடைகளின் தயக்கம் இன்னும் வளர்ந்துவிட்டது.

இதோடு வேறொரு அவமானமும் சேருகிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சாராயம் மலிவு என்பதால், தமிழ்நாட்டு எல்லைகளில் மதுவிலக்குப் போலீஸார் பஸ்களில் ஏறிப் பைகளைச் சோதிப்பது எல்லோரும் அறிந்தது. மடியில் மார்ஃபினோடு வருகிற அந்த மகள், கடலூர் எல்லையில் சோதனை நடக்கும்போதெல்லாம் சீட்டை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வாளாம். தகப்பனின் வலிக்கு மருந்து கொண்டுவருகிற பெண், சாராயப் புட்டி தேடுகிறவர்கள் முன்னால் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும்படி ஒரு ராஜாங்கம் செய்யலாகாது. அந்த மருந்து குத்தாலத்திலேயே கிடைக்குமானால் அவளுக்கு அந்தப் பிரயாணமே வேண்டாம்.

ஓரிடத்தில் அனுமதித்த மருந்து எல்லைக்கு அப்பால் செல்லுமா என்ற இதே கேள்வி அமெரிக்காவில் இப்போது கஞ்சாவின் விஷயத்தில் எழுந்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1996-இல் ஜனங்களின் வாக்கால் கஞ்சாவை வைத்தியத்துக்கு அனுமதித்தது. அதன்பின் பல மாநிலங்கள் அவ்வாறே செய்தன. ஆனால் மத்திய சட்டம் அதைத் தடைசெய்தே இருப்பதால், ஒரு மாநிலத்தில் வாங்கியதை எடுத்துக்கொண்டு அடுத்த மாநில எல்லையைக் கடப்பது குற்றம். வலிப்பு நோய்க் குழந்தையோடு உறவினர் வீட்டுக்குப் போகிற தாய் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு, நெவாடா மாநிலம் பிற மாநிலத்தாரின் அடையாளச் சீட்டைத் தன் கடைகளில் ஏற்றுக்கொண்டு விடை சொன்னது. லூசியானா மாநிலமும் 2022-இல் வெளி மாநில ரோகிகள் தன் உள்ளூர் மருந்தகங்களில் பெற வழிசெய்தது. அங்கே மத்திய சட்டம் தடுக்கிறது, மாநிலங்கள் ஒன்றையொன்று அனுசரித்துக் கொள்கின்றன. இங்கே மத்திய சட்டம் அனுமதித்திருக்கிறது, மாநிலங்களின் இலாகாக்கள் அசைவதில்லை. கஞ்சாவின் வைத்திய குணம் பற்றி நம் தேசத்தில் 1839-லேயே கல்கத்தாவில் ஓஷாக்னெஸி என்ற வைத்தியர் பரிசோதித்து எழுதினார். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் சபைக் குழுவில் அதை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கும் தீர்மானத்துக்கு இந்தியா சாதகமாகவே வாக்களித்தது. அந்த விவாதம் நடக்கட்டும். அதன் பலாபலன் இன்னும் ஆராயப்பட வேண்டியது. மார்ஃபினின் பலனோ இருநூறு ஆண்டுகளாகப் பிரத்தியட்சம். அதைப் பற்றி வைத்திய உலகில் விவாதமே இல்லை. ஆகையால், சந்தேகமற்ற மருந்தை முதலில் எல்லை தாண்டச் செய்வோம் என்பதே என் கட்சி.

இதில் குத்தாலத்தார் பாண்டிச்சேரிக்குப் போய்வருவது ஒரு பக்கம். வெளி மாநிலத்தார் குத்தாலத்துக்கு வந்து தங்குவது மறுபக்கம். சில ஆண்டுகளாக நம் வயல்களில் நாற்று நடுகிறவர்களில் வங்காளத்திலிருந்து வந்தவர்களைக் காண்கிறோம். வரிசை பிடித்து, கயிறு கட்டி, வேகமாக நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கோ, அவனோடு வந்த தாயாருக்கோ, கல்கத்தாவில் தொடங்கிய வைத்தியம் இங்கே தொடர வேண்டியிருந்தால் அந்தச் சீட்டை யார் படிப்பார்கள்? இதே மாவட்டத்தில் நோய் தீர்க்கும் தெய்வமென்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் தேடி வருகிற வைத்தீஸ்வரன்கோயில் இருக்கிறது. பாதிப் பிரார்த்தனையும் பாதி வைத்தியமுமாக வருகிற அந்த ரோகிகள், கோயிலில் கொடுக்கும் திருச்சாந்துருண்டையைப் பக்தியோடு பெற்றுக்கொள்ளட்டும். இரவில் விடுதி அறையில் வலி எழும்போது அவர்களுடைய சொந்த ஊர் வைத்தியர் எழுதிய மருந்தும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா?

போதைக்கு அடிமையாகிவிடுவார்களே என்பது எல்லோரும் சொல்லுகிற ஆட்சேபம். கல்லூரி வாசல்களில் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு இளைஞர் சீரழிவதைப் பார்க்கிற ஒரு தகப்பன் இதைக் கேட்டால் அவரை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்; அந்த பயம் நியாயமானது. ஆனால் அவர் பயப்படுகிற வியாபாரம் சீட்டும் பதிவேடும் இல்லாமல் நடப்பது. நான் கேட்கிற வினியோகம் இரண்டும் இருந்து நடப்பது. 2014 முதல் அமலில் உள்ள எச்-1 அட்டவணையின்படி எத்தனையோ மருந்துகளுக்கு ரோகியின் பெயர், வைத்தியரின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் நம்மூர்க் கடைகளே எழுதி மூன்றாண்டு வைத்திருக்கின்றன. எழுதத் தெரியாத தொழில் அல்ல அது. ரோகி காலமானபின் மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்ப ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதையும் இந்த முறையில் சேர்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாரக்கணக்கில் மார்ஃபின் எடுத்துக்கொள்கிறவருக்குத் திடீரென்று அது நின்றுபோனால், வலி திரும்புவதோடு வியர்வையும் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் சேர்ந்து வாட்டும். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்பது வைத்திய விதி. எந்த உடல் பழக்கத்தைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதனால் நேரும் அவஸ்தையை, கையில் சீட்டு இருந்தும் மருந்து கிடைக்காத ஊரில்தான் ரோகி முழுமையாக அனுபவிக்கிறார்.

வைத்தியர்களின் ஆட்சேபம் வேறு மாதிரியானது. முன்பின் பார்த்திராத ரோகிக்கு, இன்னொருவர் எழுதிய சீட்டை நம்பி எப்படிக் கொடுப்பது என்று தாலுகா ஆஸ்பத்திரியில் உள்ள ஓர் இளம் டாக்டர் என்னிடம் கேட்டார். அதில் பொறுப்புணர்ச்சி இருக்கிறது. சீட்டு எழுதிய ஆஸ்பத்திரிக்கு ஒரு டெலிபோன், ரோகியின் ஆதார் அட்டையை ஒரு பார்வை, அளவு சரிதானா என்று ஒரு பரிசோதனை, பிறகு ஒரு வாரத்துக்கு உரிய மாத்திரை; இவ்வளவு போதும் என்பது என் அபிப்பிராயம். ஒரு வாரத்து மாத்திரையை வைத்துக்கொண்டு எவனும் வியாபாரம் நடத்திவிட முடியாது. ஆனால் மழையில் பஸ் ஓடாத ஒரு வாரத்தை ஒரு குடும்பம் கடந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீட்டுக்கே சென்று வலிநிவாரணப் பணி செய்கிற செவிலியர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள், குழாயை மாற்றுகிறார்கள், குடும்பத்தாரிடம் கனிவாகப் பேசுகிறார்கள். கேட்கிற வேளையில் கொடுக்க அவர்கள் தாலுகாவில் மார்ஃபின் இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மாநிலமெங்கும் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தாளர்களும் நடத்துகிற அந்தக் கடைகளில் தாலுகாவுக்கு ஒன்றைத் தேர்ந்து, உரிமக் கட்டணம் முதல் பூட்டு அலமாரி வரை சர்க்காரே ஏற்றுக்கொண்டு மார்ஃபின் வைக்கச் செய்யலாம். லாபம் இல்லாத காரியத்தைத் தனியார் கடைக்காரர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. லாப நஷ்டம் பாராமல் அரிசி வினியோகிக்கிற சர்க்காருக்கு இது பெரிய பாரமுமன்று.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினிடம் நான் கேட்பது மூன்றே. குத்தாலம் உட்பட ஒவ்வொரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியும் அங்கீகாரம் பெற்று மார்ஃபின் வைத்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய வலிநிவாரணப் பயிற்சியை அங்குள்ள ஒரு டாக்டருக்காவது கொடுக்க வேண்டும். பாரதத்தில் எந்த மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியின் சீட்டானாலும் அங்கே செல்லும் என்று எழுத்து மூலம் ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். வாய்மொழியாக 'கொடுக்கலாம்' என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் நம்பமாட்டார். சோதனைச் சாவடிப் போலீஸாருக்கும் அந்தச் சுற்றறிக்கையின் பிரதி போக வேண்டும். புதுச்சேரி அரசோடும் காரைக்கால் நிர்வாகத்தோடும் கலந்து செய்தால், காரைக்காலிலிருந்து தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்களுக்கும் அவர்களுடைய ஊரில் அதே வசதி கிடைக்கும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், சட்டமன்ற விவாதம் வேண்டாம். இரண்டு இலாகாத் தலைவர்களின் கையொப்பம் போதும். வருகிற ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்காக வெளி மாநிலத்தார் மயிலாடுதுறைக்குத் திரள்வதற்கு முன்னே அந்தக் கையொப்பங்கள் விழ வேண்டும் என்று, மாவட்ட ஆட்சியரும் நலப்பணிகள் இணை இயக்குநரும் இந்த மாதமே சென்னைக்கு எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.